ஏத்தம் ஏறினால்தான் பேர்

ஃபோர் வீல் வண்டித் தொழிலில் முப்பத்து நான்கு வருஷமாக இருக்கிறேன். என் கையில் கறுப்பு எண்ணெயைவிட அதிகமாக ஒட்டிக் கிடப்பது ஸ்டிக்கர் பசைதான்.

சொன்னால் உங்களுக்குப் புரியும். நீங்களும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பீர்கள். கம்பெனிக்காரன் போன வருஷத்து வண்டியையே எடுத்து, ரிம்முக்குக் கறுப்புச் சாயம் அடித்து, சீட்டுக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைத்து, கதவில் பயங்கரமாக ஒரு பேரை ஒட்டி ‘ஸ்பெஷல் எடிஷன்’ என்று விற்பான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “என்ன ஸ்பெஷல்?” என்பார். நீங்கள் ஸ்டிக்கரைக் காட்டுவீர்கள். அவர் அதைப் படித்துவிட்டு, “அது சரி, என்ன ஸ்பெஷல்?” என்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னிடம் ஒரு ஏத்தம் இருக்கிறது. ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் என் பட்டறைக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் வளர்க்கிற ஒரு சீனருடைய தோட்டம். அவர் அனுமதியோடு, அதற்குள் செங்குத்தாக மேலேறும் செம்மண் ஏத்தத்தில் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பேன். மழை பெய்தால் மண் சோப்பு மாதிரி வழுக்கும். மூன்று தடவைக்குள் ஏறினால் வண்டியின் பேர் பாஸ். ஏறாவிட்டால் என் மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்து, உறையில் போட்டு, வண்டி நம்பரை எழுதி அலமாரியில் வைத்துவிடுவேன். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். இப்போது ஜொகூர் பாருவிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். நான் பாஸ் போட்டால் இன்ஜினியர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறார்கள். பெருமை இருக்காதா, சொல்லுங்கள்?

இந்த வருஷம் அந்த ஏத்தத்துக்கு என் மகள் ஸ்டெல்லாவே வந்து நின்றாள். பெக்கோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவளுக்கு மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை: சொந்தமாக ஃபோர் வீல் வேண்டும், முதல் நாளே மேனேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்து மலை உச்சி வரைக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால், நான் எப்படிப்பட்ட நீதிபதி என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

எருமை வந்த நாள்

குமரேசன் செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் வாங்கிய வண்டிக்குப் பேர் ‘தண்டர் பஃபலோ’. இடிமுழக்க எருமையாம். மெழுகு போட்டுப் பளபளவென்று கொண்டு வந்தார். கூடவே மனைவி, மாமியார், இரண்டு மைத்துனர்கள். எல்லார் கையிலும் போன், படம் பிடிக்க. முன் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் ஃபோர் வீலுக்கு மாற்ற, பழைய மாதிரியே கையால் தள்ளுகிற லிவர் போட்ட வண்டி. தள்ளினேன், லிவர் ‘தடக்’கென்று விழுந்தது. எனக்குப் பிடித்த சத்தம்.

ஆனால் டயர் நெடுஞ்சாலை டயர், வயிறு தரையைத் தொடுகிற உயரம். முதல் தடவை பாதி ஏத்தம். இரண்டாவது தடவை அதில் பாதி. மூன்றாவது தடவை சேற்றில் வயிற்றை வைத்துப் படுத்தேவிட்டது. பேரே இல்லாத என் பழைய வண்டியால் கட்டி இழுத்தேன். மைத்துனர்கள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். குமரேசனுக்கு முகம் செத்துப்போனது. “உரிச்சிடுங்க அங்கிள்” என்றார். என்னோடு பதினெட்டு வருஷமாக வேலை செய்யும் அசிஸுக்கு மனசு கேட்கவில்லை. என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிற மலாய்க்காரர் அவர். ஆறுதலாகச் சொன்னார்:

“கோவிச்சுக்காதீங்கண்ணே. எருமை சேத்தைப் பார்த்தா படுக்கத்தான் செய்யும்.”

ஏத்தம் ஏறாமலே பாஸ்

எல்லாப் பேரும் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பெக்கோக்கில் டுரியான் பழத்தோப்பு வைத்திருக்கும் சீன முதலாளி தவுக்கே லிம்மின் வண்டி ‘ரிவர் கிங்’. வருஷக் கடைசி மழையில் அவர் வீட்டுப் பாதை முழுக்க வெள்ளம். அக்கம் பக்கத்து ஆட்களை மூன்று நடையாக மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தபோது கதவில் பாதிக்கு மேல் சேற்றுக் கோடு. முன் பம்பருக்குள் ஒரு கெளுத்தி மீன் கருவாடாகியிருந்தது.

அடியில் படுத்து அச்சு எண்ணெயை இறக்கிப் பார்த்தேன். தண்ணீர் புகுந்திருந்தால் பால் போட்ட தே தாரிக் டீ மாதிரி வெளுத்திருக்கும். தேன் மாதிரி தெளிவாக ஒழுகியது. அதைப் பார்க்கும்போது நானே அந்த வண்டியைச் செய்த மாதிரி ஒரு கர்வம். வெளியே வந்து, “இந்தப் பேர் பாஸ், ஏத்தமெல்லாம் வேண்டாம்” என்றேன். தவுக்கே ஸ்டிக்கரைத் தட்டிக்கொடுத்தார்.

“கிங் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல லா அங்கிள். நான்தான் பயத்துல ரெண்டு பாட்டில் குடிச்சேன்.”

டீச்சருக்குப் போட்ட ஃபெயில்

பாக்கியம் டீச்சர் ஓய்வு பெற்றவர். தங்காக்கில் சேலை எடுக்கப் போனாலும் ஃபோர் வீலில்தான் போவார். அவருடைய ‘மவுண்டன் குவீன்’ புது மாதிரி வண்டி. லிவர் கிடையாது, ரேடியோவில் இருப்பது போல ஒரு திருகு. திருகினேன், முன்னால் ஒரு பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. சரி, வேலை செய்கிறது என்று ஏத்தத்தில் விட்டேன். மூன்று தடவையும் வழுக்கியது. ஹேர் டிரையரைக் கொண்டு வரச் சொன்னேன்.

டீச்சர் சண்டை பிடிக்கவில்லை. “ஏன் ஏறலை?” என்று மட்டும் கேட்டார். “பேர் பெருசு, வண்டி சின்னது, அவ்வளவுதான் டீச்சர்” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தும் முன்னால் சொன்னார்:

“நான் முப்பது வருஷம் ஃபெயில் போட்டிருக்கேன் சவரி. காரணம் எழுதாம ஒரு தடவைகூடப் போட்டதில்லை.”

சொந்த மகள், அதே சட்டம்

ஸ்டெல்லாவின் வண்டி இரண்டு வருஷம் ஓடினது. பேர் ‘ஹில் கேப்டன்’. அதுவும் திருகு வண்டிதான். திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டதும் ஏத்தத்துக்குக் கொண்டுபோனோம். “நானே ஓட்டுறேன்ப்பா” என்றாள். “தீர்ப்புச் சொல்றவன்தான் ஓட்டணும்” என்று நான் உட்கார்ந்தேன். திருகினேன். விளக்கு மினுக்கியது. ஏத்தத்தில் விட்டேன்.

முதல் தடவை வழுக்கிப் பக்கத்துச் செம்பனை மரத்தில் உரசப் பார்த்தது. இரண்டாவது தடவை பாதியில் நின்றது. மூன்றாவதும் அப்படியே. அசிஸ் என் காதருகில் வந்து, “முதலாளி, மகளுக்காவது நாலாவது தடவை குடுங்க” என்றார். கொடுக்கவில்லை. ஊருக்கு ஒரு சட்டம், மகளுக்கு ஒரு சட்டம் என்று வந்துவிட்டால் அப்புறம் என் பாஸை யார் மதிப்பார்கள்? இங்கே என் முன்னால் தோற்றால் வெட்கத்தோடு போய்விடும். அங்கே மேனேஜரை வைத்துக்கொண்டு மலையில் வழுக்கினால்? என் கையாலேயே ஸ்டிக்கரை உரித்தேன். “தோட்டத்துக்குப் போன் பண்ணிடும்மா, இந்த வண்டி தாங்காது, வேற யாரையாவது எடுத்துக்கட்டும்” என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். நான்கு டயரையும் குனிந்து பார்த்தாள். பின் டயர் இரண்டிலும் சேறு அப்பிக் கிடந்தது. முன் டயரில் அவ்வளவாக இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அப்பா, ஃபெயிலானது வண்டியா, ஓட்டினவரா?”

மினுக்குகிற விளக்கு

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், ஸ்டெல்லா பட்டறை வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு தடிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வண்டியோடு வரும் புத்தகம். எல்லா வண்டியிலும் இருக்கும். எண்ணெய் துடைக்கக்கூட ஆகாத வழவழத் தாள் என்று நான் தொட்டதே இல்லை. “அப்பா, இங்க வாங்க. இந்த விளக்கு மினுக்கினா என்ன அர்த்தம்?” என்றாள். “வேலை செய்யுதுன்னு அர்த்தம்.” “இல்லப்பா. முன் வீல் இன்னும் மாட்டலன்னு அர்த்தம். வண்டியை நிறுத்தணும், நியூட்ரல்ல போடணும், அப்புறம் திருகணும். விளக்கு மினுக்காம நின்னு எரியற வரைக்கும் காத்திருக்கணும். நீங்க கியர்ல வச்சே திருகிட்டு உடனே விட்டுட்டீங்க. நேத்து முழுக்க பின் வீல் ரெண்டுதான் சுத்தியிருக்கு.”

பழைய வண்டியில் லிவர் ‘தடக்’கென்று விழுவது கைக்குத் தெரியும். இதில் சத்தம் இல்லை, விளக்குதான் பேசுகிறது. அந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிறுத்தினாள், நியூட்ரல் போட்டாள், திருகினாள். விளக்கு மினுக்கியது, மினுக்கியது, பிறகு அசையாமல் நின்று எரிந்தது. அவ்வளவுதான். என்னை முப்பது வருஷமாக மிரட்டிய ஏத்தம் வீட்டு மாடிப்படி மாதிரி ஆகிவிட்டது. உச்சியில் நிறுத்திவிட்டு அவள் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றும் பார்க்காமல் வேடிக்கைக்கு வந்திருந்த அசிஸ்தான் கீழேயிருந்து கத்தினார்:

“அலமாக்! அப்ப அலமாரியில இருக்கிற ராணியெல்லாம் நிரபராதியா முதலாளி?”

தீர்ப்பைத் திருப்பிக் கொடுத்தது

உறைகளை எடுத்து மேஜையில் கொட்டினேன். ஸ்டெல்லாவுடையது போக, திருகு வண்டிகள் மட்டும் மூன்று. மூன்று பேருக்கும் நானே போன் போட்டு, “தப்பு என்னுது, வாங்க” என்றேன். உங்களில் யாராவது தொழில் பண்ணுகிறவர் இருந்தால் தெரியும், அந்த மூன்று வார்த்தைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது என்று. குமரேசன் எப்படியோ கேள்விப்பட்டு, “அங்கிள், அப்ப என் எருமை?” என்று ஓடி வந்தார். “உங்களுது லிவர் வண்டி தம்பி. லிவர் ஒழுங்காத்தான் விழுந்தது. டயரை மாத்திட்டு வாங்க, பார்ப்போம்” என்றேன்.

பாக்கியம் டீச்சர் அன்று சாயங்காலமே வந்தார். விளக்கு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். இந்தத் தடவை நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டீச்சரே ஓட்டினார், சேலை கசங்காமல் ஏறினார். பழைய ஸ்டிக்கரில் பசை போய்விட்டதால் புதுப் பசை தடவி, ஒரு குமிழிகூட வராமல் துணியால் அழுத்தி ஒட்டிக் கொடுத்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இப்பக் காரணம் சொன்னீங்க பாருங்க, அதுக்கு ரெண்டு மார்க்கு கூட.”

மலை உச்சி

திங்கட்கிழமை காலையில் ஸ்டெல்லா கிளம்பிப் போனதும் என்னால் பட்டறையில் இருக்க முடியவில்லை. இழுவைக் கயிற்றைத் தூக்கிப் பழைய வண்டியில் போட்டுக்கொண்டு பெக்கோக்குக்கு விட்டேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. அப்பன் என்று ஒருத்தன் இருக்கிறானே, அவனுக்கு நம்பிக்கையும் வேண்டும், கயிறும் வேண்டும். தோட்ட ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது நல்ல மழை. ‘ஹில் கேப்டன்’ மேனேஜரோடு ஏற்கெனவே மேலே போய்விட்டிருந்தது. குலை வெட்டும் நேப்பாளத் தொழிலாளிகள் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது. அரை மணி ஆச்சு. முக்கால் மணி ஆச்சு. கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் செம்பனைகளுக்கு நடுவில் இரண்டு விளக்கு தெரிந்தது. கண்ணாடி வரைக்கும் சேறு, ஆனால் அவசரமில்லாமல், கல்யாண ஊர்வலம் மாதிரி இறங்கி வந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டாள். இந்த மனுஷன் கயிற்றோடு வந்து நிற்கிறாரே என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மேனேஜர் இறங்கினார். என்னையும் கயிற்றையும் ஏற இறங்கப் பார்த்தார். “யார் இவரு?” என்றார். “எங்க அப்பா சார்” என்றாள் மெதுவாக. கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன். அது என்ன, கைக்குட்டையா? மேனேஜர் கையை நீட்டினார்.

“கயிறை இப்படிக் குடுங்க ஐயா. மேல உச்சியில என் வண்டி நேத்துலேர்ந்து மாட்டிக்கிட்டு கிடக்கு, உங்க மகள் இழுத்துத் தரேன்னு சொல்லியிருக்காங்க.”

ஸ்பெஷல் எடிஷன் வண்டி பேருக்குத் தகுந்த மாதிரி நடக்குமா என்று இன்னமும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்; நடக்கும், அநேகமாக, என்னை ஓட்ட விடாமல் இருந்தால்.