பருத்திப்பட்டுப் படகுக் கூடத்தின் இரண்டாவது கதவு

நான் வரைந்த வரைபடத்தின் மேல் ஒரு விரல் ஊர்ந்து போனதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியாளர். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எங்கள் மாணவர்களுக்குத் துடுப்புப் படகுக் கூடம் ஒன்று கட்டுவதென்று முடிவாகி, அக்கம்பக்கத்தாரின் சம்மதம் கேட்க என்னை அனுப்பியிருந்தார்கள். மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கூட்டம். பெரிய தாளை மேசையில் விரித்து, படகுகளை அடுக்கும் இடம், கூரை, தண்ணீருக்கு இறங்கும் சரிவு என்று ஒவ்வொன்றாகப் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து எழுந்து வந்த ஒரு பெண்மணி, கட்டடத்தின் ஓரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு முழுதாக ஒரு சுற்று சுற்றினார். வளாகத்தைப் பார்த்திருந்த ஒரே கதவின் மேல் விரல் நின்றது. "எங்க பக்கம் பூரா செவுருதான் கீது. எங்களுக்குக் கதவு எங்க சார்?" என்றார்.

அவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மகளிர் சங்கத் தலைவி. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. மதுரை, நெல்லை, சேலம் என்று பல ஊர்ப் பேச்சும் கேட்கும் அந்தக் குடியிருப்பில், திருமுல்லைவாயிலிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய பேச்சு தனியாகத் தெரியும். கணவரை வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு, தோழிகளோடு ஏரியைச் சுற்றி நடப்பது அவர் வழக்கம். "அந்தக் கொஞ்ச நேரந்தான் சார் எங்களோடது. அதையும் காம்பவுண்டு போட்டு வளைச்சிக்கினா நாங்க எங்க போறது? படகு வாணாம்னு சொல்லல. எங்களையும் சேத்துக்கங்கன்னு கேக்குறோம்." மண்டபம் முழுக்கக் கைதட்டல். அன்று சம்மதம் கிடைக்கவில்லை. அலுவலகம் திரும்பித் தாளை மறுபடி விரித்தபோது, எனக்கும் அதில் அந்த நீளச் சுவரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

நடைபாதைப் பக்கமாக இரண்டாவது கதவு ஒன்றை வைத்துப் புதிதாக வரைந்துகொண்டு பல்கலைக்கழகப் பதிவாளரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர், பயந்த மனிதர். "வெளியாட்கள் தண்ணீரில் இறங்கி ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்று தாளை என் பக்கமே தள்ளிவிட்டார். விஷயம் தெரிந்ததும் தலைவியம்மா நேராக அவர் அறைக்கே வந்துவிட்டார். "நீச்சல் தெரிஞ்சா உடுவீங்களா சார்?" என்று கேட்டார். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைத்தாரோ என்னவோ, பதிவாளர் சட்டென்று சரி என்றார். தலைவியம்மாவோ முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று பழகாதவர். அம்பத்தூரில் ஒரு நீச்சல் குளத்தில் தோழிகளோடு பயிற்சிக்குச் சேர்ந்தார். முதல் வாரம் முழுக்கக் குளத்தின் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லையாம். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் மீன் மாதிரி பாய்ந்து போவதைப் பார்த்து ரோஷம் வந்துதான் கையை விட்டேன் என்று பின்னால் சொல்லிச் சிரித்தார். நீச்சல் சோதனையைப் பார்க்கப் பதிவாளர் தானே வந்து நின்றார். தலைவியம்மா திக்கித் திணறி, நடுவில் ஒருமுறை மூழ்கி எழுந்து, குளத்தின் மறுமுனையைத் தொட்டார். பதிவாளர் என் பக்கம் திரும்பி, "அந்த ரெண்டாவது கதவைக் கொஞ்சம் அகலமாவே வச்சிடுங்க" என்றார்.

கூடம் எழுந்தது. புதுப் படகுகள் லாரியில் வந்து இறங்கிய நாளை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. தெரு அவ்வளவு குறுகல். படகோ தெருவில் மூன்று வீடுகளை அடைக்கிற நீளம். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த தொழிலாளர்களும், மாணவர்களும், கோயிலில் பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள். "மாமே, உன் பக்கம் எறங்குது பாரு, தூக்கிப் புடி" என்று ஒரு குரல். "நீ மொதல்ல ஒழுங்கா நடந்து வா மச்சான்" என்று எதிர்க்குரல். மாடிகளிலிருந்து ஜனம் எட்டிப் பார்க்க, தலைவியம்மா முன்னால் நடந்து ஸ்கூட்டர்களை ஓரங்கட்ட, வெள்ளைப் படகுகள் ஒவ்வொன்றாகத் தெருவில் ஊர்வலம் போயின. சாமி புறப்பாடு போலத்தான் இருந்தது.

இப்போது தலைவியம்மாவின் கணவர் ஓய்வு பெற்று, குடும்பம் கள்ளிக்குப்பத்தில் சொந்த வீட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் காலையில் அவர் படகுக் கூடத்துக்கு வருவது நிற்கவில்லை. ஒரு காலத்தில் ஏரியைப் பறிகொடுக்கப் போகிறோம் என்று பயந்தவர், இன்று புதிதாக வருகிறவர்களுக்கு உயிர்காப்பு உடுப்பை மாட்டி இழுத்துக் கட்டிவிடுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் திறப்பு விழாவன்று நடந்த பந்தயத்தை நினைத்துக்கொள்வேன்.

நால்வர் படகு. ஒன்றில் பல்கலைக்கழகப் பணியாளர்கள், என்னையும் சேர்த்து. மற்றதில் குடியிருப்புப் பெண்கள். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் முந்திப் போகிறவனுக்குப் பின்தங்கியவர்களின் முதுகு தெரியும். பாதி ஏரிவரை அவர்கள் நால்வரின் முதுகும் என் கண்ணெதிரே இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு அவர்களின் துடுப்புகள் ஒரே வீச்சாக விழ ஆரம்பித்தன. படகு எங்களுக்குச் சமமாக வந்தது, பக்கவாட்டில் நழுவியது, என் பார்வையிலிருந்து மறைந்தது. அதற்கப்புறம் என் எதிரே வெறும் தண்ணீர்தான். கரையில் எழுந்த ஆரவாரத்தில்தான் பந்தயம் முடிந்தது தெரிந்தது.

சரிவில் மூச்சிரைக்க ஏறியபோது, சுடிதார் சொட்டச்சொட்ட நின்றுகொண்டிருந்த தலைவியம்மா கை கொடுத்து என்னை மேலே இழுத்துவிட்டார்.

"பாதி வரைக்கும் நீங்க எங்க முதுகப் பாத்துக்கினு வந்தீங்க" என்றார். "அப்பால பூரா நான் உங்க முதுகப் பாத்துக்கினு வந்தேன் சார்."