ஒட்டுத் தெரியாத சுவர்

முன்னறையிலிருந்து 'டொக்... டொக்...' என்று சத்தம் வந்தது. கொத்தனார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். வந்திருந்த இன்ஜினியர் வீட்டுச் சுவரை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டையும் இடிக்கப் போறாரா?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. தொழில் புத்தி, கை நிக்காது."

இன்ஜினியர் மேசையில் ஒரு பெரிய படத்தை விரித்தார். பழைய நூலகத்தின் முகப்பு. இருநூறு வருஷத்துக் கட்டடம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அதன் விரிசல்களை அடைத்தவர் இந்தக் கொத்தனார்தான். அன்று நல்ல சுண்ணாம்பு கிடைக்கவில்லை. சிமெண்டில் செங்கல்பொடி கலந்து, பழைய பூச்சின் நிறம் வரும்வரை மூன்று நாள் படாதபாடு பட்டார். 'ஒட்டுப் போட்ட இடமே தெரியலையே!' என்று பார்த்தவர்களெல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள். அந்த ஒரு சொல்தான் அவர் வாழ்நாளில் வாங்கிய மாலை.

"அந்த சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைச்சு வச்சிருச்சுண்ணே. செங்கல் உதிருது. நாளைக்கு அந்த சிமெண்டை வெட்டி எடுக்கணும். எது உங்க பூச்சுன்னு தெரியலைன்னா மொத்த முகப்பையும் உரிக்கச் சொல்லி மேலதிகாரிங்க சொல்லிட்டாங்க. பழைய பூவேலை எல்லாம் போயிடும். தட்டிப் பார்த்தும் பிடிபடலை. நீங்களே குறிச்சுக் குடுங்க."

கொத்தனார் கையிலிருந்த பென்சில் படத்தில் ஒரு தூணில் நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது.

"இது... இல்ல, இது பழசு. இருங்க, இதுதான்... ஐயோ, எனக்கே தெரியலையே தம்பி!"

பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரியாத தகப்பனைப் போல் அவர் விழித்தார். பெருமைப்படுவதா, அழுவதா?

"ஏங்க," என்றாள் மனைவி, "நம்ம சமையலறைச் சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்ட்ல ஒட்டுப் போட்டீங்களே. கழுவிவிட்டா மத்த இடமெல்லாம் தண்ணியைக் குடிச்சுக் கறுத்துப்போகும். அது மட்டும் இப்ப உங்க மூஞ்சி இருக்கிற மாதிரி வெளுத்துப்போய் நிக்கும்."

இன்ஜினியர் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சுவரில் ஒரு செம்புத் தண்ணீரை வீசினார். ஒட்டு பளிச்சென்று தெரிந்தது.

"அண்ணி, முகப்பைக் காப்பாத்திட்டீங்க! காலைல முதல் வேலை, நூலகத்து முகப்புல தண்ணி அடிக்கிறதுதான்." வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பினார். "அண்ணே, நீங்களும் வாங்க. வெட்டுற கையும் உங்க கையாவே இருக்கட்டும்."

அவர் போய்விட்டார். கொத்தனாரின் கண் கலங்கியது.

"ஏம்மா, மரியாதை பண்ணிட்டுப் போறாரா, குத்திக்காட்டிட்டுப் போறாரா?"

"உளியை எடுத்து வைங்க. நாளைக்குத் தெரியும்" என்று மனைவி கதவைச் சாத்தினாள்.