பான்ஜோவும் மாமியின் தண்ணீர் மோட்டரும்

கட்டாரில் என்னோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போகும்போது, பெட்டியில் இடமில்லை என்று தன் பான்ஜோவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அது சாதாரண பான்ஜோ அல்ல, பாரிடோன். கழுத்து நீளம், சுருதி நன்றாகக் கீழே. மற்ற பான்ஜோ கீச்சுக் கீச்சென்று பேசும். இது தொண்டை கட்டிய ஆள் கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல் பேசும். எனக்கு அதுதான் பிடித்தது. கலைக் காரணம் எதுவும் இல்லை. கீழ்ச்சுருதியில் பிழை விட்டால் யாருக்கும் விளங்காது என்று நம்பினேன், அவ்வளவுதான்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருப்பான். முன்பாதியில் மாமி, அதாவது மனைவியின் உம்மா, பின்பாதியில் நாங்கள், நடுவில் ஒரு சுவரும் ஒரு திரையும். மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. அது கோபமில்லை, மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை, நான் மூன்றடி தூரத்தில் நிற்கும்போதே, திரைக்கு அப்பாலிருந்து மகளுக்குச் சொல்வார். இத்தனை வருடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு வாய்த்தர்க்கம் வந்ததில்லை. மற்ற ஊர்களுக்கும் இந்த வழக்கத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

நான் வந்திறங்கிய அன்றே திரை அசைந்தது.

"புள்ள, அது வாசிக்கிற சாமானெண்டா இந்த ஊட்டுக்க வேணாம் எண்டு சொல்லு."

மனைவி என்னைப் பார்த்தாள். "அது சும்மா அழகுக்கு உம்மா," என்றாள்.

அழகுப் பொருளுக்கும் கம்பி வேண்டுமே. இருந்த கம்பிகளைக் கடற்காற்று மூன்று மாதத்தில் தின்றுவிட்டது. கல்முனையில் பாரிடோன் கம்பிக்கு எங்கே போவது? சாய்ந்தமருதில் வலைச்சாமான் கடைக்குப் போய், தடிப்பான தூண்டில் நரம்பு, எங்கள் பாஷையில் தங்கூசி, கேட்டேன்.

"என்ன மீனுக்கு நானா?" கடைக்காரர் அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"மீனுக்கில்ல, வாசிக்க."

"வாசிச்சா மீன் வருமா?"

சுறா பிடிக்கிற தங்கூசி நாலைக் கட்டிப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ்காரரின் கம்பியைவிட இன்னும் கீழே இறங்கியது. தடவினால் அறையே உறுமியது.

தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாமி பக்கத்து வீட்டுக்குக் கதைக்கப் போவார். அந்த நேரம்தான் என் கச்சேரி. தாழ்ந்த சத்தம் நிலத்தோடு படுத்துக்கிடக்கும், மதிலைத் தாண்டாது என்பது என் விஞ்ஞானம். அது மதிலுக்குள்ளாலேயே போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் மாமி வந்ததும் வராததுமாகத் திரை அசைந்தது.

"புள்ள, அடுத்த ஊட்டுக்காரி கேக்காள், ஒங்கட மோட்டர் என்ன கா பின்னேரத்தில இப்பிடி அனுங்குது எண்டு. எனக்கும் கேட்டிச்சி. பாஸக் கூட்டி வரச் சொல்லு."

மனைவி என் காதருகே வந்து, "அந்த மோட்டர் நீங்கதான்," என்றாள்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பான்ஜோ தெருவில். வீரமுள்ள கலைஞனாகையால் நான் மோட்டர் திருத்துகிற பாஸைக் கூட்டிவரப் போனேன். பழுதில்லாத மோட்டரில் அவர் பழுது கண்டுபிடிக்க, நான் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தேன். மாமி கேட்ட சத்தத்தை மனைவி வாயால் செய்து காட்டினாள்.

"காத்து இழுக்குது," என்றார் பாஸ்.

என் வாசிப்பைப் பற்றி இன்றுவரை வந்த நேர்மையான விமர்சனம் அதுதான்.

வாஷர் மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. பிறகு வால்வு. அதற்கும் நிற்கவில்லை. மூன்றாம் முறை மோட்டரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். வாளியால் தண்ணீர் அள்ளும் பொறுப்பு, வீட்டின் ஒரே ஆம்பிளை என்று எனக்குக் கிடைத்தது. குளிக்க, சமைக்க, மாமி தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்ய, எல்லாவற்றுக்கும் நான்தான் மோட்டர். இரண்டாம் நாள் பின்னேரம் தோள் விட்டுப்போய் அறைக்குள் வந்து குந்தினேன். நோவில் எல்லாம் மறந்து, கை தன் பாட்டுக்குப் பான்ஜோவை எடுத்துவிட்டது.

கிணற்றடியில் மாமியின் குரல் கேட்டது.

"புள்ள! மோட்டர் இல்லாம மோட்டர் ஓடுது கா!"

எட்டிப் பார்த்தேன். நாலு போல்ட்டும் ஒரு குழாயும் மட்டும் நிற்கிற இடத்தைப் பார்த்து மாமி ஏதோ ஓதிக்கொண்டு நின்றார். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியின் தலை எழுந்தது. "மௌலவியக் கூப்பிட்டு ஓதிப் பாருங்க ராத்தா!"

இனி மறைத்தால் மௌலவி வருவார், பின்னால் தெருவே வரும். மாமி உள்ளே வந்ததும் பான்ஜோவைத் தூக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றேன். வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. அடித் தங்கூசியை ஒரு தட்டுத் தட்டினேன்.

திரை அசைந்தது.

"அப்ப பாஸ் களட்டிப் பூட்டினதெல்லாம்?"

"ஓம் உம்மா," என்றாள் மனைவி.

"தண்ணி அள்ளினது ஆரு?"

"அவர்தான் உம்மா."

"நல்லா அள்ளட்டும்."

தீர்ப்பு அதுதான், பான்ஜோவுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை என்று நினைத்தேன். விடிந்ததும் பான்ஜோவைப் போர்வையில் சுற்றினேன், மருதமுனையில் என் மூத்த சகோதரியின் வீட்டில் கொண்டுபோய் வைக்க. கொல்லைக் கதவைத் தாண்டும்போது மதிலுக்கு மேலால் அந்தத் தலை திரும்பவும் வந்தது.

"என்ன ராத்தா, ஓதினீங்களா?"

கிணற்றடியில் நின்ற மாமி நிமிர்ந்தார். "அதெல்லாம் தேவல்ல கா. பைப்புக்க காத்து நிண்டதாம். மோட்டர் வந்தாலும் பின்னேரத்தில கொஞ்சம் அனுங்குமாம். நீ காதில போடாத."

ஐந்து நேரம் தொழுகிற மாமி பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தலை இறங்கிப் போனது. மாமி என் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துச் சொன்னார்.

"புள்ள, பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்ல முந்தி அந்தக் காத்து நிண்டிரணும் எண்டு சொல்லு."

மனைவி அடுப்படியிலிருந்து வந்து, மூன்றடி தூரத்தில் போர்வை மூட்டையோடு நின்ற என்னிடம் அதைச் சொன்னாள்.