எண்ணெய் குடித்த ரப்பரும் நான் ஒட்டிய பழைய துண்டும்

“பந்து ஓரத்துல மோதுனா அங்கனயே படுத்துக்கிருதுப்பா. வந்து என்னன்னு பாரு.”

சாணார்பட்டி ரோட்டில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் செல்வராசு அண்ணன் போனில் இப்படித்தான் சொன்னார். பிள்ளைகளா, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் நீங்கள் ரெண்டு பேரும் முழிக்கிறீர்களாம். அம்மா சொன்னாள். அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் எழுதி வைக்கிறேன். இதில் நான் பெருமைப்பட எதுவும் இல்லை.

நான் பூல் டேபிள் மராமத்து செய்கிறவன். துணி போர்த்திய கல் மேஜை. கோலால் பந்தை இடித்துக் குழியில் தள்ள வேண்டும். மேஜையின் நாலு ஓரத்திலும் கட்டைகள் இருக்கும். அதை ரெயில் என்போம். நீளப் பக்கத்துக்கு ரெண்டு ரெண்டு, அகலப் பக்கத்துக்கு ஒவ்வொன்று, ஆக ஆறு ரெயில். ரெயிலின் உள்பக்கம் முக்கோண ரப்பர் பட்டை ஒட்டி, அதன் மேல் துணியை இழுத்து மூடியிருக்கும். அதுதான் குஷன். குஷன் சரியாக இருந்தால் பந்து மோதித் திரும்பும். செத்துப் போனால் மேஜையை விறகுக்குப் போடலாம்.

திண்டுக்கல்லைச் சுற்றி வீட்டில் பூல் டேபிள் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் விளையாடுகிறவர்களை எண்ண விரலே வேண்டாம். ஒரு வீட்டில் அதன் மேல் துணி தேய்க்கிறார்கள். ஒரு டாக்டர் வீட்டில் கொலு வைத்திருந்தார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், அதற்காக வாங்குகிற சாமான் அது என்பது என் முடிவு.

1. சனிக்கிழமைக் குளியல்

செல்வராசு அண்ணன் வீட்டு மேஜையும் அப்படித்தான் இருந்தது. மேலே பெட்ஷீட், பெட்ஷீட்டின் மேல் மடிக்காத துணி, ஒரு மூலையில் கொப்பரைச் சாக்கு. அவர் சாக்கை இறக்கிக்கொண்டே சொன்னார்.

“எம்மக வினோதினிக்கு இருவது நாள்ல கோயம்புத்தூர்ல போட்டி. ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்குறாங்களாம். டவுன்ல இருக்கிற பூல் பார்லருக்கு நான் அனுப்ப மாட்டேன், அம்புட்டும் பயலுக. அவளுக்கு இருக்கிறது இந்த மேசை ஒண்ணுதான். சீக்கிரம் முடிச்சுக் குடு.”

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நம்பவில்லை. கொப்பரைச் சாக்கு வைக்கிற மேஜையில் ஸ்டேட் பிளேயராம்.

மேஜைக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றி, ஒரு ரெயிலை எடுத்து, துணியைப் பிடித்திருக்கும் மரப்பட்டியை நெம்பினேன். துணி உரிந்தது. உள்ளே ரப்பர் உப்பி, வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

“அண்ணே, இதுல எண்ணெய் ஊத்துனீங்களா?”

“நம்ம செக்கெண்ணெய்ப்பா. சொட்டுக் கலப்படம் இருக்காது.”

“எதுக்குண்ணே ஊத்துனீங்க?”

“ரப்பர் காஞ்சிறக் கூடாதுல்ல. சனிக்கெழமைக்கு சனிக்கெழமை நான் தலைக்குத் தேய்ப்பேன். அப்படியே துணி ஓரத்துல இதுக்கும் ரெண்டு கை.”

எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி வீணாகிவிடும், பசை விட்டுவிடும். ரெண்டு வருஷமாக ஒரு சனிக்கிழமை தப்பாமல் இந்த மனுஷன் மேஜைக்குக் குளியல் போட்டிருக்கிறார். அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டேன்.

“சீயக்காய் போட்டு அலசலையாண்ணே?”

அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

2. போனில் பேசிக்கொண்டே வெட்டியது

பெங்களூரில் சொல்லி வைத்த ரப்பர் வர எட்டு நாள் ஆனது. ஆறு ரெயிலுக்கு ஆறு பட்டை, கணக்காக. அதற்குள் கட்டைகளைத் தின்னர் போட்டுத் துடைத்து, உப்புக்காகிதம் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்திருந்தேன். ரப்பரிலும் கட்டையிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, அழுத்தி ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் கோணும்.

ஐந்து பட்டை நன்றாக ஒட்டினேன். ஆறாவது பட்டையின் முனையைச் சரிவாக வெட்டும்போது மதுரையில் இதே தொழில் பார்க்கும் கூட்டாளி போன் போட்டான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு எண்ணெய்க் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரித்து முடித்துக் கீழே பார்த்தால் சரிவை மாற்றி வெட்டியிருக்கிறேன். பட்டை நாலு விரல்கடை குறைந்துவிட்டது.

மறுபடி சொல்லி அனுப்பினால் இன்னும் எட்டு நாள். என் வண்டிப் பெட்டியில் ஒரு ரெயில் நீளத்துக்குப் பழைய துண்டு ஒன்று சுருட்டிக் கிடந்தது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு கிளப்பில் மிஞ்சியது. பார்வைக்கு அதே மாதிரி. ஆனால் காய்ந்து இறுகிப்போனது. பந்தைத் தொடுகிற மூக்கும் ஒரு நூல் தாழ்வு.

குறைந்த பட்டைக்குப் பதிலாக அதை ஒட்டினேன். மேலே துணியை இழுத்து மூடினால் பிரம்மாவுக்கும் தெரியாது. எண்ணெய் தேய்க்கிற வீட்டில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இந்த வரியை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நினைத்தது அதுதான்.

மறுநாள் ரெயில்களை முடுக்கிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு பந்தைக் கையால் உருட்டிவிட்டார். அது போய் மோதித் திரும்பி வந்தது.

“அட, நாய்க்குட்டி மாதிரி திரும்பி வருதே.”

3. சாக்பீஸ் புள்ளி

அடுத்த நாள் காலையில் வினோதினி போன் செய்தாள்.

“அங்கிள், சன்னல் பக்கம் ரெண்டாவது ரெயில் மட்டும் வேற மாதிரி இருக்கு. செத்த நேரம் வந்துட்டுப் போறீங்களா?”

போனேன். பதினேழு வயது இருக்கும். ஸ்கூல் யூனிபார்மில் நின்றாள். அண்ணனும் பக்கத்தில் நின்றார்.

“புது ரப்பரும்மா. செட்டாக நாலு நாள் ஆகும்” என்றேன். கூசாமல் வந்தது பொய்.

அவள் சண்டைக்கு வரவில்லை. நீளப் பக்கத்து ரெயில் நாலுக்கும் நேரே ஒரே தூரத்தில் பந்தை வைத்து, ஒரே வேகத்தில் இடித்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை. பந்து திரும்பி வந்து நின்ற இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். மூன்று ரெயிலுக்கு ஒரே தூரத்தில் புள்ளிகள் விழுந்தன. நாலாவதில் பந்து ஒரு துள்ளு துள்ளி, ஒரு சாண் முன்னாலேயே நின்றது. மூன்று முறையும் அங்கேயே.

“செட்டாக நாலு நாள் ஆகும்னா, மத்த மூணும் ஒரே நாள்ல எப்படி அங்கிள் செட்டாச்சு?”

அண்ணன் மேஜையைத் தடவிப் பார்த்தார்.

“ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாப்பமா?”

“அப்பா, சும்மா இருங்க.”

இதற்கு மேல் மறைத்தால் அந்தப் பெண் பத்து நாளும் பொய்யான ரெயிலில் பழகிவிட்டுக் கோயம்புத்தூரில் போய் நிற்பாள். பட்டையைத் தப்பாக வெட்டியதையும் பழைய துண்டை ஒட்டியதையும் சொன்னேன். அண்ணன் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

“தெரியாம எண்ணெய் ஊத்துனவன் நான். தெரிஞ்சே பழசை ஒட்டுனவன் நீ. அன்னைக்கு என்னையப் பாத்துச் சிரிச்சியே, இப்ப யாரைப் பாத்துப்பா சிரிக்கிறது?”

தலை குனிந்தே பஸ் ஏறினேன். பெங்களூர் போய் ஒரே ஒரு பட்டையைக் கையில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ரெயிலைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, துணி போட்டு முடுக்கினேன். போட்டிக்கு ஆறு நாள் இருந்தது. வினோதினி மறுபடி இடித்துப் புள்ளி வைத்தாள். நாலு ரெயிலிலும் ஒரே தூரம். “ஓகே அங்கிள்” என்றாள். அவ்வளவுதான்.

போட்டி முடிந்த அன்றைக்கு நானே வினோதினிக்குப் போன் போட்டேன். ரெண்டாவது ரவுண்டில் தோற்றுவிட்டாளாம்.

“நாலு நாள் என்னாலதானம்மா வீணாப் போச்சு.”

“இல்ல அங்கிள். கடைசி ஷாட்ல நான்தான் அவசரப்பட்டேன். மேசை நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வருசம் போவேன்.”

குற்றத்தைப் போட என்னை மாதிரி வசதியான ஆள் அவளுக்குக் கிடைக்காது. என் மேல் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானோ அன்றைக்கு வாயில்லாத ரப்பர் மேல் போட்டேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், துணி தேய்க்கிற மேஜையாக இருந்தாலும், வேலை முடிந்ததும் நானே பந்தை வைத்து இடித்துச் சாக்பீஸ் புள்ளி வைக்கிறேன். யார் விளையாடுவார்கள் என்று கேட்பதில்லை. வேலை செய்யும்போது போனை வண்டிப் பெட்டியில் போட்டுவிடுகிறேன், அந்தப் பழைய துண்டு கிடந்த இடத்தில்.