ஈயம் வைத்து அடைத்த மீன் டின்

அலோர் காஜா பக்கம் எங்கள் எஸ்டேட்டில் கடை வைத்திருந்தவன், உப்பிப்போன மீன் டின்களை ஆணியால் குத்திக் காற்றை இறக்குவான். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு விற்பான்.

"கொதிச்சா எல்லாக் கிருமியும் செத்துரும் லா" என்பான்.

அதைத் தின்றுதான் என் தம்பி இறந்தான். சில கிருமிகளின் வித்து கொதிநீரிலும் சாகாது, அடைத்த டின்னுக்குள் மறுபடி முளைத்து விஷமாகும் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பிறகு சொன்னார்.

கருமாதிக்குக் கடைக்காரனும் வந்து பந்தியில் உட்கார்ந்தான். தம்பிக்குப் படைத்த மீனை அவன் இலையில்தான் முதலில் வைத்தேன்.

"உங்க கடை டின்னுதான் மொதலாளி. நல்லாக் கொதிக்க வச்சிருக்கேன்."

லயத்து வீட்டுச் சனமெல்லாம் பார்த்திருக்க, தொடாமல் எழுந்தான்.

"உக்காருங்க" என்றேன். "என் தம்பி மிச்சம் வைக்காமத் தின்னான்."