புதன்கிழமை வெறுங்கையோடு வந்தவர்கள்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதும் பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பதும் தவிர இந்தக் கைக்கு எழுத்து வேலை இருந்ததில்லை. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதற்கு எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் சர்ச் காம்பவுண்டில் ஒரு ஹால் இருக்கிறது. ஓடு போட்ட கட்டடம், முன்னால் கொஞ்சம் மண் தரை. உள்ளே கேரம் போர்டுகள், வெளியே ரப்பர் வளையத்தை வீசிப் பிடிக்கிற ரிங் விளையாட இரண்டு கம்பம். ஏழைகள் வந்து பொழுதுபோக்கட்டும் என்று சபையார் கட்டியது. இப்போது கம்பத்தைப் பிடுங்கி, போர்டுகளை எடுத்துவிட்டு, மண் தரைக்கு மேலேயும் ஷீட் கூரை போட்டு, ஏழைப் பெண்களுக்குத் தையல் வகுப்பு வைக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முடிவு செய்கிறார்களாம்.

பக்கத்து வீட்டு மருமகள் அந்தச் சபையைச் சேர்ந்தவள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு அந்த மண் தரையில் ரிங் போடுவாள். மாதனூர்ப் பக்கத்திலிருந்துகூட இரண்டு பெண்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். ஹால் போனால் அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அவள்தான் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பெரிம்மா, ஹாலைப் பத்தித் தெரிஞ்சவங்க யாரு வேணா எழுதிக் குடுக்கலாம்னு பாஸ்டர் ஐயா சொல்லிட்டாரு. நீ எழுதேன்."

"நான் உங்க சர்ச்சு இல்லியே."

"அதுக்கோசரந்தான் சொல்றேன். நாங்க எழுதினா, வெளாட ஆசப்பட்டு எழுதறாளுங்கம்பாங்க."

"மீட்டிங்ல எழுந்து பேசச் சொல்ல மாட்டாங்களே?"

"உன்னையா? வூட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணியவே கதவுக்குப் பின்னால நின்னு நீட்டறவ நீ. உன்னக் கூப்ட்டு அவங்க இன்னா பண்றது?"

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோதே ஹால் இருந்தது. ஆனால் அது ஆண்கள் இடம். சாயங்காலமானால் கேரம் காய் தட்டுகிற சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடிப்பேன். என் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை. ஈரத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தூக்கிப்போடுகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் நகத்துக்குள்ளிருந்து போகாது. ஒரே ஒருநாள் ஆசையாக ஹாலுக்குப் போனார். அரைமணியில் திரும்பி வந்துவிட்டார்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?"

"எதிர்ல குந்தினவன் கர்ச்சீப்ப மூக்குல வெச்சிகினே ஆடறான். ஒத்தக் கையால அவன் எவ்ளோ நேரம் ஆடுவான் பாவம்? வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுபடி போகவில்லை. ஏழைகளுக்கென்று கட்டிய இடத்தில் அந்தக் காலத்தில் ஆபீஸ் உத்தியோகக்காரர் பிள்ளைகள்தான் அதிகம் ஆடினார்கள். நல்லதை மட்டும் எழுதினால் நான் எழுதுவதை யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் இதையும் எழுதுகிறேன்.

பிறகு ஒரு புது பாஸ்டர் மாற்றலாகி வந்தார். அவர் மனைவி திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவராம். நல்ல உயரம். நடந்து வந்தால் தெருவே ஓரம் ஒதுங்கும். வீடு வீடாக வந்து, புதன்கிழமை மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை ஹால் பெண்களுக்கு என்று சொன்னார்.

"ஜெபக் கூட்டமாம்மா?" என்று எங்கள் தெருவில் ஒருத்தி கேட்டாள்.

"அதுக்கு வெள்ளிக்கெழம இருக்கு. இது வெளையாட."

"வெளாடவா? நாங்களா?"

"ஏன், ஒங்களுக்குக் கை கால் இல்லையா? வாங்க, நான் சொல்லித்தாரேன்."

முதல் புதன்கிழமை பதினோரு பேர் போனோம். பதினோரு பேர் கையிலும் பை.

பையில் என்ன என்றால், ஷூவின் மேல்பாகம். அப்பர் என்போம். கம்பெனியிலிருந்து ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டில் போடுவார். தோலில் துளை முன்னாலேயே போட்டிருக்கும். இரண்டு ஊசியில் மெழுகு நூலைக் கோத்து, இந்தப் பக்கமிருந்து ஒன்று அந்தப் பக்கமிருந்து ஒன்று விட்டு இழுத்து இறுக்க வேண்டும். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்து அறுத்து ஒரு கோடு விழுந்திருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தப் பை இல்லாமல் நாங்கள் எங்கேயும் போனதில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தால்கூட நாலு அப்பர் மடியில் இருக்கும். சாவு வீட்டுக்கு மட்டும் கொண்டுபோக மாட்டோம். தெருவில் ஒருத்தி வெறுங்கையோடு போனால், "இன்னாடி, ஏஜெண்ட் உன்ன நிறுத்திட்டானா?" என்று கேட்பார்கள்.

ஆகவே ஹாலுக்குப் போன நாங்கள், ஃபேனுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்து பையைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்துவிட்டோம். பாஸ்டரம்மா ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏ பிள்ளையளா, ஒருத்தியாவது வாங்களேன்."

"இதோம்மா, இந்த ஜோடி முடிச்சிட்டு வர்றோம்."

அந்த ஜோடி முடிந்தால் அடுத்த ஜோடி. நான்கு மணி ஆகிவிடும். அடுத்த வாரமும் அப்படியே. நல்ல காற்று, நல்ல வெளிச்சம், பேச்சுத்துணை. இதைவிட என்ன வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். ஒரு மாதம் போயிருக்கும், ஏஜெண்டுக்கு விஷயம் தெரிந்தது. பத்து வீடு ஏறி இறங்குவதற்குப் பதிலாக, புதன்கிழமை மூட்டையை வண்டியில் வைத்து நேராக ஹாலுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். எங்களுக்குச் சந்தோஷம். இன்னும் நாலு தெருப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அது தப்பு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சபையில் ஒரு பெரியவர் இருந்தார். மூப்பர் என்பார்கள். அவர் ஒரு புதன்கிழமை காம்பவுண்டுக்குள் வந்து, மூட்டையையும் வண்டியையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? ஆண்டவர் எடத்துல ஷூ கம்பெனியா?"

நாங்கள் எழுந்து நின்றோம். பாஸ்டரம்மா முகம் சிவந்துபோனது.

"நான் ஆரம்பத்துலயே சொன்னேன்" என்றார் மூப்பர். "ஏழைக்கு ஊழியம்னா சோறு போடணும், மருந்து குடுக்கணும், படிக்க வெக்கணும். ரிங்கு போட்டா வூட்ல ஒல கொதிக்குமா? இவங்களுக்கே அது வேணாம் பாருங்க. வேலைதான் வேணும். அடுத்த வாரத்துலேர்ந்து பொம்பளைங்க நேரம் கெடையாது."

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுத வேண்டும். ஒரு சமயம் ஷாப்புகளெல்லாம் மூடிக்கிடந்து தெருவே பட்டினி கிடந்தபோது, சபை அரிசி கொடுத்தது. என் பையின் வாயை அவரே முடிச்சுப்போட்டுக் கொடுத்தார். அந்த அரிசியில்தான் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதனால் அன்று அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வேறு நாளாக இருந்தாலும் வந்திருக்காது.

பாஸ்டரம்மா அவரிடம் ஒரே ஒரு புதன்கிழமை தவணை கேட்டார். பிறகு எங்கள் தெருவுக்கு வந்தார்.

"ஒங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா வாற புதன்கெழம வெறுங்கையோட வரணும். ஒருத்தி கையிலயும் அப்பர் இருக்கக்கூடாது. மூப்பர் வந்து பாப்பாரு. நீங்க வேலைக்குத்தான் வாறீயன்னு அவரு சொல்லுதாரு. இல்லன்னு நான் சொல்லி என்ன? நீங்கதான் காட்டணும்."

கேட்க லேசாக இருந்தது. செய்வது கஷ்டமாக இருந்தது. ஏஜெண்ட் முகத்தைச் சுளித்தார். என் மாமியார் வாசலில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மகாராணி வெளாடப் போறா, பல்லாக்கு வரலியா?" என்றார். கையை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது என்றே தெரியாமல் போனேன். மொத்தம் ஒன்பது பேர்தான் வந்திருந்தோம்.

உட்கார்ந்தோம். எழுந்திருக்க வெட்கம். ஒருத்தி முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். ஒருத்தி சொடக்கு எடுத்து முடித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவள் விரலைப் பிடித்தாள். பக்கத்துத் தெரு பாய் வீட்டு அக்கா, புர்காவோடு உட்கார்ந்தவர், தன்னையறியாமல் கீழே விரித்திருந்த பாயிலிருந்து கோரையை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, பாய உடு. சர்ச்சு சொத்து அது."

"அய்யே! கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி. இன்னா பேஜாரு இது."

எல்லாரும் சிரித்தோம். மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் காட்டி, "அந்தம்மா ஊசியோட வந்திருக்குதே" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஜாக்கெட்டின் தோள்பட்டையில் ஊசி குத்தியிருந்தது. வேலையை நிறுத்தினால் ஊசியை அங்கே குத்திக்கொள்வது பழக்கம். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். என் ஒருத்தியால் எல்லாருக்கும் ஹால் போய்விட்டது என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

பாஸ்டரம்மா வந்து ஊசியை உருவித் தன் பைபிள் உறையில் குத்திக்கொண்டார். நாலு அடி பின்னால் போனார். "பிடி!" என்று சொல்லி வளையத்தை வீசினார். யோசிக்க நேரமில்லை. கை தானாக எழுந்து பிடித்துவிட்டது.

"பிடிச்சிட்டா! எறி, திருப்பி எறி!"

எறிந்தேன். அது பாஸ்டரம்மா இருந்த பக்கமே போகவில்லை. நேராக மூப்பரின் மடியில் போய் விழுந்தது.

அவர் வளையத்தை எடுத்தார். மண்ணைத் தட்டினார். என்னை ஒருதரம் பார்த்தார். எழுந்து வந்து பாஸ்டரம்மா கையில் அதைக் கொடுத்துவிட்டு, "நாலு மணியானா கேட்டைப் பூட்டிட்டுச் சாவிய எங்க வூட்ல குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த புதன்கிழமையும் உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. போனோம். கேட் திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஆடினேன் என்று கணக்குச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்காரர் ஷாப்பிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். நான் வந்ததும் கேட்டார்.

"மதிலுக்கு அந்தாண்ட கத்தினது நீயா?"

"ஏன், இன்னா ஆச்சி?"

"இல்ல, நம்ம வூட்ல இருக்கறவளுக்கு இம்மாம் பெரிய கொரலு இருக்குதான்னு பார்த்தேன்."

அன்றைக்குப் புள்ளி யாருடையது என்று பாய் வீட்டு அக்காவோடு சண்டை போட்டிருந்தேன். வேறு எங்கேயும் நான் அப்படிக் கத்தியதில்லை.

அங்கே யாரும் என்னை மதம் மாறச் சொல்லவில்லை. நானும் மாறவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு தடவை போனேன், பாட்டு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். உங்கள் வேதத்தில் ஏழைக்கு என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இது: அரிசி வாங்கியதை நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். ரிங் விளையாடியதை இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. அரிசி இல்லாவிட்டால் செத்திருப்போம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரிசி வரிசையில் நின்றபோது நான் ஏழை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மண் தரையில் நின்றபோது நான் எந்தப் பக்கம் ஆடுகிறேன் என்பதுதான் தெரிந்தது. இதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

பாஸ்டரம்மா மாற்றலாகிப் போனபின் வேறொருவர் சாவி வாங்கித் திறந்தார். கம்பெனிக்குப் போகிற பெண்கள் கூடியதும் புதன்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக மாறியது. எனக்கு முழங்கால் போனதும் நின்றுவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வாசலில் உட்கார்ந்து, கம்பெனிப் பெண்கள் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தையல் வகுப்பு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வேலை தெரியாத பிள்ளைகளுக்கு அது உதவும். ஆனால் இந்தப் பெண்கள் வாரத்தில் ஆறு நாள் குனிந்து தைத்துவிட்டு வருகிறவர்கள். ஏழாவது நாள் அவர்கள் வருகிற இடத்திலும் மிஷினைப் போட்டால், அவர்களுக்குக் கொடுப்பதா எடுப்பதா? மிஷினை ஹாலுக்குள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அதற்குத் துணி போட்டு மூடுங்கள். கம்பத்தைப் பிடுங்க வேண்டாம். மண் தரையை மண் தரையாக விட்டுவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

விவரங்களில் தப்பு இருக்கலாம். புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று நடுவில் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது பேர் என்று எழுதினேன், பெயர் சொல்லி எண்ணினால் ஏழுதான் வருகிறது. மூப்பர் அன்று நாற்காலியில் இருந்தாரா, படியில் உட்கார்ந்தாரா? பாய் வீட்டு அக்கா இப்போது வாணியம்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கு என்னைவிட ஞாபகம் ஜாஸ்தி. சனிக்கிழமைக்குள் யாராவது அவரிடம் இதைப் படித்துக் காட்டி, தப்பானதை அடித்துத் திருத்திக் கமிட்டியில் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மீட்டிங்குக்கு மட்டும் கூப்பிட வேண்டாம்.