மூக்கில் கட்டிய துண்டு

"இன்னொரு மிதி மிதிங்க சார்."

விமானத்துக்குள் இருந்த பைலட் மிதித்தார். இடது பெடல் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. உக்கிரபாண்டி சக்கரத்தைக் கையால் தள்ளினார். அது சுற்றியது.

"பிரேக் பைப்புல காத்து புகுந்திருந்தா நாலு மிதியில கெட்டியாயிரும். இது நாப்பது மிதிச்சாலும் ஆகாது. சக்கரத்துக்கிட்ட ஆயில் ஒழுக்கும் இல்ல. பெடலுக்கு அடியில இருக்க சிலிண்டர்ல ரப்பர் தேஞ்சிருக்கு."

துண்டை மூக்கோடு இறுக்கிக் கட்டியிருந்ததால் அவர் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பருத்திக்குப் பூச்சிமருந்து தெளிப்பதற்காக எழுபத்து நாலில் கோவில்பட்டிக்கு வெளியே வந்து இறங்கிய பழைய சின்ன விமானம் அது. இறக்கையிலிருந்து இருக்கை வரை மருந்து நாறியது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உக்கிரபாண்டிக்குப் பட்டறை. இருபது வருஷமாகப் பிரேக் வேலை. எந்த ஆயிலையும் ஒரு சொட்டு விரலில் தொட்டு மோந்த பிறகுதான் ஊற்றுவார். விளக்கெண்ணெய் வாசம் வந்தால் பிரேக் ஆயில். மண்ணெண்ணெய் வாசம் வந்தால் கிட்டவே கொண்டுவரக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். "அண்ணாச்சி மூக்காலதான் நம்ம பஸ் நிக்கி" என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள்.

மெட்ராஸிலிருந்து ரப்பர் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பருத்திக் காயில் ஏற்கெனவே புழு விழுந்திருந்தது, அதுவரை தாங்காது. அளவு ஒத்துவந்த ஜீப் ரப்பரை உக்கிரபாண்டி போட்டார். விமானத்தோடு வந்த டின்னில் சிவப்பாக ஆயில் இருந்தது. பிளேனுக்குச் சிவப்பு போல என்று நினைத்துக்கொண்டு ஊற்றினார். அது பிளேனுக்கு உரியதுதான். ஆனால் மண்ணெண்ணெய் இனம், ஜீப் ரப்பருக்கு ஆகாது. துண்டை அவிழ்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெடல் கல்லு மாதிரி நின்றது. பைலட் கை குலுக்கினார்.

விமானம் நாலு நாள் பறந்தது. ஓடுதள ஓரத்தில் கோபாலசாமி ஆடு மேய்ப்பார். விமானச் சத்தம் கேட்டதும் ஆடுகளை ஓடைக்கு அந்தப் பக்கம் பத்திவிட்டு, கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். அவரை யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. மேலே கிளம்பியதும், சுழலும் சக்கரத்தை நிறுத்த பைலட் பிரேக்கை ஒரு மிதி மிதிப்பது வழக்கம். ஐந்தாம் நாள் மிதித்த பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. இறங்கியபோது இடது சக்கரம் உருளாமல் தரையைப் பிடித்தது. விமானம் இடது பக்கம் திரும்பி ஓடைக்கரைக்கு ஓடியது. இறக்கை கோபாலசாமியின் நெஞ்சில் அடித்தது. பைலட்டுக்கு நெற்றியில் சின்னக் காயம்.

மாதத்துக்கு ஒரு முறை வந்து விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் இன்ஜினியர் காசிராஜன் மறுநாள் வந்தார். சிலிண்டரை உக்கிரபாண்டியையே கழற்றச் சொன்னார். ரப்பர் ஊறிய கொண்டைக்கடலையாக உப்பி, ஆயில் திரும்பும் துளையை அடைத்திருந்தது. உக்கிரபாண்டி அப்போதுதான் விரலை மோந்தார்.

"லைசென்ஸ் இல்லாம பிளேனத் தொட்டதுக்கு உமக்கு ஜெயில். தொட விட்டதுக்கு எனக்கு" என்றார் காசிராஜன். "ஆடு குறுக்க வந்தது, பைலட் ஒதுக்கினார். அப்படித்தான் எழுதியிருக்கேன். செத்தவனுக்கு இனிமே என்ன?"

உக்கிரபாண்டி அந்த ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் கழித்துக் கோபாலசாமி வீட்டுக்குப் போனார். வாசலில் கோபாலசாமியின் மனைவி சத்தியபாமா ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. ஆடு எல்லாம் இருக்கு, எண்ணிப் பாத்துக்கிடுங்க. ஒண்ணுகூட சாகல. இது குறுக்க போயி அவிய செத்தாவளாம்." ஒரு கிடாயைக் காலால் நெட்டித் தள்ளினாள். "முப்பது வருசம் மேய்ச்சவிய. ஒருத்தர் வெள்ளாமையில வாய் வைக்க விட்டதில்ல. ஆட்டப் பாக்கத் தெரியாமச் செத்தான்னு ஊரு பேசுது."

அவர் ரப்பரை எடுத்து அவளிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். துண்டு கட்டியிருந்ததையும் சொன்னார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பம் ஆடு வரலையா?"

"வரல தாயி. எல்லாம் ஓடைக்கு அங்கன நின்னுச்சு."

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குப் பத்து மணிக்குத் தாசில்தார் விசாரிக்கச் சாவடிக்கு வாராவ. வந்து சொல்லுதீயளா? ஒங்க ரப்பர்னு சொல்ல வேண்டாம். ஆடு வரலன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றாள்.

ஆடு வரவில்லை என்றால் விமானம் ஏன் திரும்பியது என்று கேட்பார்கள். அது அவருக்குத் தெரியும்.

"வாரேன்" என்றார்.

ரப்பரை அவள் திருப்பித் தந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. உக்கிரபாண்டி எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்தார். விளாத்திகுளம் பஸ் ஒன்று பின்சக்கரப் பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தது. பத்து மணிக்கு டிரம்மைக் கழற்றினார். ரப்பர் மாற்றினார். புது டின்னை உடைத்து, ஒரு சொட்டைத் தொட்டு மோந்தார். ஊற்றினார். தாசில்தார் பன்னிரண்டு மணி வரை சாவடியில் இருந்துவிட்டுப் போனதாக, சாப்பிட்டுவிட்டு வந்த டிரைவர் சொன்னார். இரண்டு மணிக்கு பஸ் கிளம்பியது. மூன்று மணிக்கு ஒரு லாரி வந்தது.